மருத்துவர் பதில்கள்: புரோபயாடிக் யாருக்கு, எதற்கு, எவ்வளவு?

குடல் நலத்தையும் புரோபயாடிக் மருந்துகளையும் பற்றி வந்திருக்கும் கடிதங்கள் பல என்பதால், இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: தொண்டை வலி, சிறுநீர்த் தொற்று என்று எதற்கு ஆன்டிபயாடிக் வாங்கினாலும் மருந்துக்கடையில் கூடவே ஒரு புரோபயாடிக் கேப்சூல் அட்டையையும் சேர்த்துத் தருகிறார்கள். ஒன்றில் 500 கோடி என்றும் மற்றொன்றில் 2,000 கோடி என்றும் அச்சிட்டிருக்கிறது. எண் பெரிதாக இருந்தால் பலன் அதிகமா? உண்மையிலேயே இது தேவையா?
– வாசகர், திருச்சிராப்பள்ளி

பதில்: எண்ணைப் பார்ப்பதற்கு முன் பெயரைப் பாருங்கள். உலக சுகாதார அமைப்பும் ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பும் 2001-இல் கூட்டிய வல்லுநர் குழு, போதிய அளவில் உட்கொள்ளும்போது உடலுக்கு நன்மை செய்யும் உயிருள்ள நுண்ணுயிரிகளே புரோபயாடிக் என்று வரையறுத்தது. இதில் உயிரோடு இருத்தல், போதிய அளவு, நிறுவப்பட்ட நன்மை என்று மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன. நன்மை என்பது ஒவ்வொரு நுண்ணுயிரி வகைக்கும் தனித்தனியே சோதித்து நிறுவப்பட வேண்டியது. ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு வகைகளில் ஒன்று பயன் தருவதும் மற்றொன்று எதுவும் செய்யாமல் கழிந்து போவதும் உண்டு. ஆகவே அட்டையில் ‘லாக்டோபேசில்லஸ்’ என்று மட்டும் இருந்தால் அது உங்களுக்கு எதையும் சொல்லவில்லை. ‘லாக்டோபேசில்லஸ் ரம்னோசஸ் ஜிஜி’ என்பதுபோல வகைக்குறியீடும் இருந்தால்தான் எந்த ஆய்வில் எது சோதிக்கப்பட்டது என்று ஒப்பிட்டுப் பார்க்க முடியும்.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, நாளொன்றுக்கு உட்கொள்ளும் அளவில் குறைந்தது 10 கோடி உயிருள்ள நுண்ணுயிரிகள் இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. ஆனால் ஆன்டிபயாடிக்கால் வரும் வயிற்றுப்போக்கைத் தடுப்பதில் நாளொன்றுக்கு 500 கோடியும் அதற்கு மேலும் கொடுத்த ஆய்வுகளில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. நம் உடலில் வாழும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 38 இலட்சம் கோடி என்று 2016-இல் வெளியான ஒரு கணக்கீடு சொல்கிறது. அப்படியானால் 500 கோடி கொண்ட ஒரு கேப்சூல் அதில் ஏழாயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. குடலில் குடியேறி அதன் உயிர்க்கூட்டத்தையே மாற்றிவிடும் என்று எதிர்பார்த்து இதை விழுங்குவது சரியல்ல. பெரும்பாலானவை சில நாள் தங்கி, தங்கியிருக்கும்போது ஏதேனும் செய்து, பின்பு மலத்தோடு வெளியேறிவிடுபவை.

ஆன்டிபயாடிக் உட்கொள்ளும் குழந்தைகளைப் பற்றிய 33 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து காக்ரேன் அமைப்பு 2019-இல் வெளியிட்ட மதிப்பாய்வில், புரோபயாடிக் பெற்றவர்களில் 8 விழுக்காட்டினருக்கும் பெறாதவர்களில் 19 விழுக்காட்டினருக்கும் வயிற்றுப்போக்கு வந்திருந்தது. குழந்தைகளுக்கு இது புறந்தள்ளக்கூடிய பலன் அல்ல. மாறாக, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 65 வயதுக்கு மேற்பட்ட உள்நோயாளிகள் ஏறத்தாழ 3,000 பேரிடம் நடத்தி 2013-இல் வெளியிட்ட பெரிய ஆய்வில், பல வகைகள் கலந்த ஒரு புரோபயாடிக் எந்தப் பயனையும் தரவில்லை. இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தார் 2018-இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்று, ஆன்டிபயாடிக் முடிந்தபின் புரோபயாடிக் எடுத்தவர்களின் சொந்தக் குடல் பாக்டீரியாக்கள் பழைய நிலைக்குத் திரும்ப, எதுவும் எடுக்காதவர்களைவிட அதிக நாளாயிற்று என்று காட்டியது.

எனவே என் பரிந்துரை இதுதான்: முன்பு ஆன்டிபயாடிக் எடுத்தபோது வயிற்றுப்போக்கால் அவதிப்பட்டவர்களும் குழந்தைகளும் மருத்துவரைக் கேட்டு, மருந்து உட்கொள்ளும் நாள்களில் மட்டும், ஆன்டிபயாடிக்குக்கும் இதற்கும் இடையே குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விட்டு எடுத்துக்கொள்ளலாம். ‘சாக்கரோமைசஸ் பௌலார்டி’ என்பது ஈஸ்ட் வகை என்பதால் பாக்டீரியாவைக் கொல்லும் மருந்துகள் அதைத் தீண்டுவதில்லை. அதற்கு இந்த இடைவெளி தேவையில்லை. 1920-இல் இந்தோசீனாவில் காலரா பரவியபோது, லிச்சி, மங்குஸ்தான் பழத்தோல்களைப் பயன்படுத்தி மக்கள் வயிற்றுப்போக்கைச் சமாளித்ததைக் கவனித்த ஆன்றி பௌலார் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் அந்தப் பழங்களிலிருந்து பிரித்தெடுத்த ஈஸ்ட் இது.

இவை எல்லாவற்றையும்விட நான் வருந்துவது வேறொன்றுக்காக. தொண்டை வலியில் பெரும்பகுதி வைரஸால் வருவது. அதற்கு ஆன்டிபயாடிக்கே தேவையில்லை. தேவையற்ற மருந்தால் குடலைக் குலைத்துவிட்டு, அதைச் சரிசெய்ய இன்னொரு மருந்தையும் வாங்குவதைவிட, ‘எனக்கு இந்த ஆன்டிபயாடிக் கட்டாயம் வேண்டுமா?’ என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு மருந்துக்கடைக்குச் செல்லுங்கள்.

கேள்வி: என் பேரனுக்கு ஒன்றரை வயது. நேற்றிலிருந்து ஆறேழு முறை தண்ணீராகப் போகிறது. பக்கத்து வீட்டில் புரோபயாடிக் பொடி கொடுத்தால் நின்றுவிடும் என்கிறார்கள். என் மருமகள் உப்புச் சர்க்கரைக் கரைசல் மட்டும் போதும் என்கிறாள். யார் சொல்வது சரி?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: உங்கள் மருமகள் சொல்வதே சரி. 971 குழந்தைகளிடம் அமெரிக்காவிலும் 886 குழந்தைகளிடம் கனடாவிலும் நடந்த இரண்டு ஆய்வுகள் 2018-இல் ஒன்றாக வெளிவந்தன. ஐந்து நாள் புரோபயாடிக் பெற்ற குழந்தைகளும் பெறாத குழந்தைகளும் ஒரே கால அளவில்தான் குணமடைந்தார்கள். வயிற்றுப்போக்கில் குழந்தையின் உயிருக்கு ஆபத்து விளைவிப்பது கிருமியைவிட நீரிழப்பே. 1971-இல் வங்கதேசப் போரின்போது பன்காவ்ன் அகதி முகாமில் காலராவால் மக்கள் மடிந்துகொண்டிருக்க, சிரைவழித் திரவம் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலானாபிஸ் உப்பும் குளுக்கோசும் கலந்த நீரை டிரம்களில் கரைத்துவைத்து உறவினர்கள் கையாலேயே குடிக்கக் கொடுக்கச் செய்தார். முப்பது விழுக்காட்டளவில் இருந்த இறப்பு நான்கு விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. குளுக்கோஸ் இருந்தால் சிறுகுடல் சோடியத்தையும், அதைத் தொடர்ந்து நீரையும் உறிஞ்சிக்கொள்கிறது. வயிற்றுப்போக்கின் உச்சத்திலும் இந்த வழி அடைபடுவதில்லை.

ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் குறிப்பிட்டிருக்கும் அளவு நீரில் முழுப் பொட்டலத்தையும் கரைத்து, ஒவ்வொரு முறை போனபின்னும் 50 முதல் 100 மில்லி வரை கரண்டியால் சிறிது சிறிதாகக் கொடுங்கள். பாக்கெட்டில் அடைத்து விற்கும் இனிப்புப் பானங்கள் எந்தப் பெயரில் வந்தாலும் வேண்டாம். மிகுதியான சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்தாதீர்கள். துத்தநாக மருந்தைக் குழந்தை மருத்துவர் சொல்லும் அளவில் 10 முதல் 14 நாள் வரை, போக்கு நின்ற பின்னும், கொடுத்து முடியுங்கள். மலத்தில் இரத்தம் கலந்தாலோ, கண்கள் உள்வாங்கிக் குழந்தை சோர்ந்து கிடந்தாலோ, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருந்தாலோ, குடிப்பது எதுவும் தங்காமல் வாந்தியானாலோ இரவானாலும் காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

கேள்வி: காசு கொடுத்து வாங்கும் புரோபயாடிக் எதற்கு, பழைய சோறும் தயிரும் இட்லியும் போதாதா? பழைய சோற்றில் இரும்புச்சத்து இருபது மடங்காகிறது என்று படித்தேன். என் மாமியார் சொன்ன எல்லாவற்றையும் இப்போது அறிவியல் ஒப்புக்கொண்டுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் மாமியார் கொடுத்த உணவு நல்ல உணவு. ஆனால் அது ஏன் நல்லது என்று இன்று பரவும் காரணங்களில் பாதி தவறானவை. இரும்புச்சத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இரும்பு ஒரு தனிமம். அதை எந்த நுண்ணுயிரியாலும் உண்டாக்க முடியாது. நொதிக்கும்போது அரிசியில் இரும்பைப் பிடித்துவைத்திருக்கும் ஃபைட்டிக் அமிலம் குறைவதால் இருக்கிற இரும்பு சற்று எளிதாக உடலில் சேரலாம். அளவு இருபது மடங்காக வழியில்லை. இரத்தசோகை உள்ள ஒரு பெண் இந்தக் கணக்கை நம்பி இரும்பு மாத்திரையை நிறுத்திவிடுவாரோ என்பதுதான் என் அச்சம்.

இட்லி மாவைப் பொங்கச் செய்வது ‘லூக்கோநாஸ்டாக் மெசென்டராய்ட்ஸ்’ முதலிய லாக்டிக் அமில பாக்டீரியாக்கள். அவை இட்லிப் பானையின் ஆவியில் அழிந்துவிடுகின்றன. எனவே இட்லி புரோபயாடிக் அன்று. அதனால் இட்லிக்கு ஒரு குறையும் வந்துவிடாது: உளுந்தின் புரதமும் அரிசியின் மாவுச்சத்தும் எளிதில் செரிக்கும்படி அந்த பாக்டீரியாக்கள் செய்ய வேண்டியதை இரவே செய்து முடித்துவிடுகின்றன.

தயிரில் உயிருள்ள பாக்டீரியாக்கள் ஏராளம். ஆயினும் நம் வீட்டு உறைமோரில் எந்தெந்த வகை இருக்கிறது என்பது வீட்டுக்கு வீடு, பருவத்துக்குப் பருவம் மாறும். அதனால் வரையறைப்படி அதைப் புரோபயாடிக் என்று அழைப்பதில்லை. யோகர்ட்டுக்குப் பயன்படும் இரண்டு பாக்டீரியாக்கள் பாலின் லாக்டோசைச் செரிக்க உதவுகின்றன என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் ஏற்றுக்கொண்டது. பால் குடித்தால் வயிறு உப்பும் பலருக்கும் தயிரும் மோரும் ஒத்துக்கொள்வதற்கு இதுவே காரணம். மோர்க்குழம்பாகக் கொதித்துவிட்டால் உயிரிகள் இரா. சோற்றின் சூடு சற்று ஆறியபின் ஊற்றிக்கொள்ளும் தயிருக்கே இது பொருந்தும். கடையில் வாங்கும் ஊறுகாய் பெரும்பாலும் உப்பும் எண்ணெயும் வினிகருமே. அதைக் குடலுக்கு நல்லது என்று கூடுதலாகச் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

பழைய சோற்றைப் பற்றித்தான் விரிவாக எழுத வேண்டும். சமைத்த சோறு ஆறும்போது அதன் மாவுச்சத்தில் ஒரு பகுதி மீண்டும் இறுகி, சிறுகுடலில் செரிக்காத வடிவத்துக்கு மாறுகிறது. செரிக்காதது என்றால் வீண் என்று நினைத்துவிடக் கூடாது. அது பெருங்குடலுக்குச் சென்று அங்குள்ள பாக்டீரியாக்களுக்கு உணவாகிறது. அவை அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் முதலான குறுங்கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. பெருங்குடலின் உட்சுவர் உயிரணுக்கள் தங்கள் ஆற்றலில் பெரும்பகுதியை இந்த பியூட்டிரேட்டிலிருந்தே பெறுகின்றன. இந்த அமிலங்கள் உறிஞ்சப்படும்போது சோடியமும் நீரும் கூடவே உறிஞ்சப்படுகின்றன.

இதை நோயாளிகளிடம் செய்து காட்டியவர்கள் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியினர் என்பதைப் பெருமையோடு குறிப்பிடுகிறேன். பி. எஸ். ராமகிருஷ்ணாவும் அவருடைய குழுவினரும் காலரா வந்த 48 வளரிளம் பருவத்தினரையும் பெரியவர்களையும் மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வழக்கமான உப்புச் சர்க்கரைக் கரைசலையும், இன்னொரு பிரிவினருக்கு அரிசிமாவு சேர்த்த கரைசலையும், மூன்றாம் பிரிவினருக்குச் செரிக்காத மக்காச்சோள மாவுச்சத்து சேர்த்த கரைசலையும் கொடுத்தனர். மூன்றாம் பிரிவினருக்கு மலத்தின் அளவும் குறைந்தது, வயிற்றுப்போக்கும் விரைவில் நின்றது. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் இது வெளியானது. இந்த ஆய்வில் வெளியிலிருந்து ஒரு பாக்டீரியாவைக்கூடக் கொண்டுவரவில்லை. நோயாளியின் குடலில் ஏற்கெனவே இருந்தவற்றுக்கு உணவு கொடுத்தார்கள், அவ்வளவுதான். குடல் நலம் பற்றிய பேச்சில் நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் செய்தி இதுவே. எதைச் சேர்ப்பது என்று கேட்கும் நேரத்தில், உள்ளே இருப்பவை பட்டினி கிடக்கின்றனவா என்று கேட்பது மிகுந்த பலன் தரும்.

அந்த உணவுக்கு நார்ச்சத்து என்று பெயர். பெரியவர்கள் நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்தை உணவிலிருந்தே பெற வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் 2023-ஆம் ஆண்டுப் பரிந்துரை. தீட்டிய அரிசியை மூன்று வேளையும் உண்டு, பொரியலை இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொண்டால் அந்த அளவைத் தொட முடியாது. கீரை, அவரை, வாழைப்பூ, வாழைத்தண்டு, முழுப் பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், கம்பு, கேழ்வரகு, கொய்யா என்று வாரம் முழுவதும் மாற்றி மாற்றிச் சேர்த்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு பாக்டீரியாக்கள் வெவ்வேறு நாரைத் தின்பவை என்பதால் அளவைப் போலவே வகையும் முக்கியம்.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 36 பேரிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், பத்து வாரம் நொதித்த உணவுகளைத் தாராளமாக உண்டவர்களின் குடல் நுண்ணுயிரிகளின் வகை பெருகியது, அழற்சியைக் காட்டும் புரதங்கள் குறைந்தன. சிறிய ஆய்வுதான், எனினும் தயிரையும் பழைய சோற்றையும் கைவிடாமல் இருப்பதற்கு அது வலுச்சேர்க்கிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியும் பழைய சோற்றை ஆராயத் தொடங்கியது எனக்கு மகிழ்ச்சியளித்தது. நம் உணவை நம் மருத்துவமனைகளே சோதித்துப் பார்க்க வேண்டும்.

செய்முறையில் கவனம் வேண்டும். வடித்த சோற்றை நெடுநேரம் வெளியில் வைத்திருந்துவிட்டு நீர் ஊற்றினால் ‘பேசில்லஸ் சீரியஸ்’ என்ற பாக்டீரியா அதில் பெருகி நச்சு உண்டாக்கக்கூடும். அந்த நச்சு மீண்டும் கொதிக்கவைத்தாலும் அழியாது. சோறு ஆறியவுடன் கொதித்து ஆறிய நீரை ஊற்றி, சுத்தமான சட்டியில் மூடிவைத்து, மறுநாள் காலையிலேயே உண்டுவிடுங்கள். நூலாக இழுத்தாலோ கெட்ட வாடை வந்தாலோ கொட்டிவிடுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குப் பழைய சோறும் சோறுதான், அளவு மாறாது.

கேள்வி: சிசேரியனில் பிறந்த என் பேத்திக்குக் குடல் பாக்டீரியா குறைவாக இருக்குமாம். சொட்டு மருந்தாக வரும் புரோபயாடிக் வாங்கிக் கொடுக்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: நிறைமாதத்தில் பிறந்து நலமாக இருக்கும் குழந்தைக்குத் தேவையில்லை. தாய்ப்பாலில் லாக்டோசுக்கும் கொழுப்புக்கும் அடுத்து மிகுதியாக இருப்பது ஒருவகைச் சர்க்கரைத் தொடர்கள். அவற்றைக் குழந்தையால் செரிக்க முடியாது. அவை குழந்தையின் குடலில் உள்ள ‘பைஃபிடோபாக்டீரியம்’ வகைகளுக்காகவே பாலில் வருகின்றன. சிசேரியனில் பிறந்த குழந்தைகளிடம் தொடக்கத்தில் காணப்படும் வேறுபாடு பின்னர் குறைந்துகொண்டே வருகிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதே அதற்குச் சிறந்த துணை. சேனை என்று தேனைத் தொட்டுவைக்கும் வழக்கம் வேண்டவே வேண்டாம். ஒரு வயது வரை தேன் குழந்தைக்கு நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் கடுமையான நச்சு நோயைத் தரக்கூடும்.

ஒடிசாவின் கிராமங்களில் 4,556 பச்சிளங்குழந்தைகளிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், ‘லாக்டோபேசில்லஸ் பிளான்டாரம்’ வகையொன்றை அதற்கு உணவாகும் சர்க்கரைத் தொடரோடு ஏழு நாள் கொடுத்தபோது, இரத்தத் தொற்றும் இறப்பும் சேர்ந்த விகிதம் 9 விழுக்காட்டிலிருந்து 5.4 ஆகக் குறைந்தது. இது அரிய வெற்றி. ஆனால் அது சோதித்துத் தேர்ந்த ஒரு வகை, மருத்துவக் கண்காணிப்பில் கொடுக்கப்பட்டது. கடையில் கிடைக்கும் சொட்டு மருந்துக்கு அதன் பலனை ஏற்றிச் சொல்ல முடியாது. குறைமாதக் குழந்தைகளுக்குப் புரோபயாடிக் நுண்ணுயிரியே இரத்தத்தில் கலந்து உயிரைப் பறிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் எச்சரித்தது.

கேள்வி: அம்மாவுக்குப் புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கிறது. நோய் எதிர்ப்பு சக்திக்காகப் புரோபயாடிக் கொடுக்கலாமா?
– வாசகர், சேலம்

பதில்: சிகிச்சை அளிக்கும் மருத்துவர் சொன்னாலன்றிக் கூடாது. வெள்ளணுக்கள் குறைந்தவர்கள், மத்திய சிரையில் குழாய் பொருத்தப்பட்டவர்கள், தீவிர சிகிச்சையில் இருப்பவர்கள் ஆகியோருக்கு இந்த நுண்ணுயிரிகள் இரத்தத்தில் கலந்துவிடும் ஆபத்து உண்டு. கடுமையான கணைய அழற்சி நோயாளிகளிடம் நெதர்லாந்தில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், புரோபயாடிக் பெற்றவர்களில் 16 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 6 விழுக்காட்டினரும் இறந்தனர். இயற்கையானது என்பதால் தீங்கற்றது என்று எண்ணிவிடாதீர்கள்.

கேள்வி: எனக்கு வயது 34. இரண்டு ஆண்டுகளாக வயிற்று உப்புசம், காலையில் வேலைக்குக் கிளம்பும்போது வயிற்றைப் பிடித்து இழுப்பது, போனபின் சற்று நிம்மதி. எல்லாப் பரிசோதனைகளும் சரியாக இருக்கின்றன. தினமும் புரோபயாடிக் பானம் குடிக்கிறேன், மாற்றம் இல்லை.
– வாசகர், சென்னை

பதில்: நீங்கள் விவரிப்பது எரிச்சல் குடல் நோய் என்று அழைக்கப்படும் ஐ.பி.எஸ். ஆக இருக்க வாய்ப்பு மிகுதி. பரிசோதனை சரியாக இருப்பதால் வலி பொய்யாகிவிடாது; குடலுக்கும் மூளைக்கும் இடையிலான நரம்புத் தொடர்பு மிகைப்படச் செயல்படுவதால் வரும் உண்மையான நோய் இது. புரோபயாடிக்கை முயன்று பார்க்க விரும்புபவர்கள் ஒன்றைக் குறைந்தது நான்கு வாரம் எடுத்து, பலன் இல்லையென்றால் நிறுத்திவிடலாம் என்பது பிரிட்டனின் வழிகாட்டுதல். அமெரிக்க இரைப்பை-குடல் மருத்துவர்களின் அமைப்பு 2021-இல் இந்நோய்க்குப் புரோபயாடிக்கைப் பரிந்துரைக்கவில்லை. கரையும் நாரையே பரிந்துரைத்தது. உங்கள் பானத்தை நிறுத்துங்கள். இசப்கோல் உமியை நாளுக்கு ஒரு தேக்கரண்டி, ஒரு முழுக் குவளை நீரில் கலந்து தொடங்கி, வாரக்கணக்கில் மெல்ல உயர்த்துங்கள். மற்ற நார்களைப்போல இது அதிகம் புளித்து வாயுவை உண்டாக்குவதில்லை.

அதுவும் போதாதென்றால், ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் வகுத்த உணவு முறையை உணவியல் வல்லுநர் துணையோடு முயலலாம். வெங்காயம், பூண்டு, கோதுமை, பயறு வகைகள், பால், காலிஃபிளவர் போன்ற எளிதில் புளிக்கும் உணவுகளை நான்கு முதல் ஆறு வாரம் விலக்கி, பின்பு ஒவ்வொன்றாகச் சேர்த்து உங்களுக்கு ஒவ்வாதது எது என்று கண்டறிவது அதன் முறை. விலக்குவதை நீட்டிக்கக் கூடாது. நல்ல பாக்டீரியாக்களுக்கு உணவாவதும் இவையே என்பதால், நெடுநாள் விலக்கினால் ‘பைஃபிடோபாக்டீரியம்’ குறைந்துபோவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மலத்தில் இரத்தம், காரணமின்றி எடை குறைதல், இரத்தசோகை, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோய் ஆகியவற்றில் எது இருந்தாலும் நான் சொன்ன எதையும் முயலாமல் மீண்டும் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: ஆறு மாதத்துக்கு ஒரு முறை விளக்கெண்ணெய் குடித்து வயிற்றைக் கழுவுவது எங்கள் வீட்டு வழக்கம். குடலில் தங்கிய கழிவு வெளியேறும் என்கிறார்கள். பிள்ளைகளுக்கும் கொடுக்கலாமா?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். நலமான குடலில் ஆண்டுக்கணக்கில் ஒட்டிக் கிடக்கும் கழிவு என்று எதுவும் இல்லை. உட்சுவரின் உயிரணுக்களே சில நாளுக்கு ஒரு முறை உதிர்ந்து புதிதாகின்றன. பேதி மருந்தால் வெளியேறுவது அன்றாட மலமும் நீரும் உப்புகளும், அவற்றோடு குடல் பாக்டீரியாக்களில் ஒரு பகுதியும். நலமுள்ளவர்களிடம் அந்த பாக்டீரியாக்கள் சில வாரங்களில் மீண்டுவிடுகின்றன என்பதால் பெரியவர்கள் செய்துகொண்டதால் பெரும் தீங்கு நேர்ந்திராது. ஆனால் நன்மையும் இல்லை. கர்ப்பிணிகள், சிறுநீரக நோயாளிகள், இரத்த அழுத்தத்துக்கு நீர் வெளியேற்றும் மாத்திரை எடுக்கும் முதியவர்கள் ஆகியோருக்கு இது ஆபத்தானது. காரணம் தெரியாத வயிற்று வலியோடு இருப்பவருக்கு விளக்கெண்ணெய் கொடுக்கவே கூடாது. அது குடல்வால் அழற்சியாக இருந்தால் குடல்வால் வெடித்துவிடக்கூடும். மலச்சிக்கல் இருப்பதால்தான் இந்த வழக்கத்தைத் தொடர்கிறீர்கள் என்றால், எத்தனை நாளுக்கு ஒரு முறை போகிறது, என்னென்ன மருந்துகள் எடுக்கிறீர்கள் என்பதைக் குறித்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்; தைராய்டு குறைபாடு, சர்க்கரை நோய், இரும்பு மாத்திரை என்று கண்டுபிடித்துச் சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல இருக்கின்றன.